பன்னிரண்டு சாணுக்கு ஏழு சாண்

கையை விரித்து எதிர் சீட்டின் முதுகில் வைத்தேன், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒரு சாண், சுண்டுவிரல் இருந்த இடத்துக்குக் கட்டைவிரலைக் கொண்டுவந்து இன்னொரு சாண், ஐந்தாவதில் சீட்டு முடிந்துவிட்டது, கை அந்தரத்தில் நின்றது. ஒயிட்ஃபீல்டில் ஏறியதிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் போல. ராத்திரி முழுக்க ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்து யாரும் வராத கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் காலை வண்டியில் தூக்கம் வர வேண்டும். பெங்களூருக்குப் போகிற வண்டிகளில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போகிறார்கள், எதிர்த்திசையில் தங்கவயலுக்குத் திரும்புகிற இந்த வண்டியில் காலை நீட்டிப் படுக்கலாம், வருஷக்கணக்காகப் படுத்துத்தான் போகிறேன். இன்றைக்கு முடியவில்லை. மாரிக்குப்பத்தில் இறங்கினால் நேரே விகாரைக்கு வரச்சொல்லியிருக்கிறார் பந்தே, அங்கே இருக்கும் பிக்கு. கேட்கப்போவது ஒரே கேள்வி. உன் மகன் வீட்டைவிட்டுப் பிக்குவாகப் போக உனக்குச் சம்மதமா. நாகசேனனுக்கு இருபத்துநாலு வயசு, அவன் தன் சம்மதத்தை எப்போதோ சொல்லிவிட்டான், ஆனால் பெற்றவர்கள் உத்தரவில்லாதவனுக்குக் காவித் துணி கொடுக்கக்கூடாது என்று பிக்குகளுக்கு விதி இருக்கிறது. அவன் அம்மா ரஞ்சிதம் உயிரோடு இல்லை. ஆக நான் ஒருத்தன் சரி என்றால் நடக்கும், நான் ஒருத்தன் இல்லை என்றால் நடக்காது. பங்குனியிலிருந்து நான் இரண்டில் எதையும் சொல்லவில்லை. அளந்துகொண்டிருக்கிறேன்.

அளக்கச் சொன்னது விகாரையில்தான். தாத்தா காலத்தில் வடஆற்காட்டிலிருந்து சட்டிபானையோடு மைன்ஸுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் லைன், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசை, பௌத்த லைன், கடைசியில் ஒரு தகர ஷெட், உள்ளே வெள்ளைக்கல் புத்தர், அதுதான் விகாரை. பந்தே சுமேதர் அதிலேயே ஒரு பெஞ்சில் படுத்துக்கொள்கிறார், துறவுக்கு முன்னால் திருப்பத்தூர்ப் பக்கம் ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர். இன்னொரு பிக்கு வந்தால் படுக்க இடமில்லை, பின்பக்கம் ஒரு குடில் கட்டலாம், ஜோதிவேலு ராத்திரியெல்லாம் படிக்கிறவர், அளவை அவரே சொல்லட்டும் என்று பந்தேதான் சொன்னார். படிக்கிறேன்தான். வேறென்ன செய்வது அந்தக் கதவுக்கு முன்னால். பிக்கு தனக்கென்று கட்டிக்கொள்ளும் குடில் நீளத்தில் பன்னிரண்டு சாண், அகலத்தில் ஏழு சாண், நீளத்தைச் சுவருக்கு வெளியே அளக்க வேண்டும், அகலத்தை உள்ளே அளக்க வேண்டும். யாருடைய சாண்? சுகதருடைய சாண், புத்தரின் சாண். அங்கேதான் சிக்கல். அவர் சாண் சாதாரண மனிதனின் சாணைப்போல மூன்று பங்கு என்று பழைய உரைக்காரர்கள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் மனிதர்தானே, நம் சாண்தான் அவர் சாண் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் சாணில் போட்டால் ஒன்பதடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே அகலம். மூன்று பங்கில் போட்டால் இருபத்தேழடி. நான் மூன்று பங்கு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது, வாய் சொல்லிவிட்டது. தாமு மேஸ்திரி கையிலிருந்த நூலுண்டையைக் கீழே போட்டான். "இருபத்தேழடியா? இன்னாண்ணே, குடிலா கல்யாண மண்டபமா?" என்றான். "சுகதர் சாண்ல பன்னெண்டு. நம்ம சாண் மூணு சேந்தாதான் அவர் சாண் ஒன்னு." "மூணா? புத்தர் கை இன்னா ஜேசிபி கையா?" எல்லோரும் சிரித்தார்கள், சேனனும் சிரித்தான், பந்தேகூட வாயைத் துணியால் மூடிக்கொண்டார். "உரையில அப்பிடித்தான் கீது தாமு." "அந்த உரை எழுதனவரு இந்த எடத்த வந்து பாத்தாரா? ஷெட்டு சுவத்துலேர்ந்து முள்வேலி வரைக்கும் இருவதடி. வேலிக்கு அந்தாண்ட சைனைட் மேடு. மேட்டக் கொடஞ்சா கட்டச் சொல்ற? கொடஞ்சது போதும்ணே, நம்ம அப்பனுங்க கொடஞ்சானுங்களே, பத்தாதா?" அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

மாலூர் தாண்டிவிட்டது. வெயில் ஜன்னல் கம்பிக்குள் சாய்ந்து விழுந்து சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு பலகையைப்போல நிற்கிறது, அதில் தூசி மிதக்கிறது, மேலே போகிறது, கீழே வருகிறது, அவசரமே இல்லை அதற்கு. அளவெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தேர் ஓடினால் எழும்பும் துகள் முப்பத்தாறு சேர்ந்தால் தலையில் இருக்கிற ஈர் ஒன்று, ஏழு ஈர் ஒரு பேன், ஏழு பேன் ஒரு தானியமணி, ஏழு மணி ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண். முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவை நினைத்தேன். துகள் கணக்கு அவருக்குத்தான் தெரிந்திருக்கும். கல்லுக்குள் துளைபோட்டுத் துளைபோட்டு நெஞ்சுக்குள் தூளைச் சேர்த்துக்கொண்டு மேலே வந்தவர், கடைசி வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கினார், படுத்தால் மூச்சு நின்றுபோகும். எத்தனை முப்பத்தாறு உள்ளே போயிருக்கும், அதில் எத்தனை சாண் சுவர் எழுப்பலாம். அந்தத் தூள்தான் சைனைட் ஊற்றித் தங்கத்தைப் பிரித்தபிறகு மலைமாதிரி குவிந்து வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கிறது, காற்றுக் காலத்தில் லைன் முழுக்கச் சோற்றில் விழுகிறது, என் மகன் அதன் காலடியில் ஒன்பதடிக்கு ஐந்தடியில் படுக்கப்போகிறேன் என்கிறான். இதைச் சொல்லித்தான் நான் மறுத்திருக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், தகப்பன் பயம் நியாயம் என்பார்கள். ஆனால் லைனில் எந்த வீடு அந்தத் தூசிக்கு வெளியே இருக்கிறது? கம்பெனி எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடே பத்தடிக்கு எட்டடிதான், அதில் ஆறு பேர் இருந்தோம், எந்த ஊர்த் துறவி இதைவிடக் குறைத்துக் கேட்டான். ஈர், பேன். ரஞ்சிதம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சேனனைக் கவிழ்த்துப்போட்டுப் பேன்சீப்பால் இழுப்பாள், சுருட்டை முடி, சீப்பு நடுவில் நின்றுவிடும், ஐயோ அம்மா என்று கத்துவான், "கத்து, கத்து, ஒன் தலையில ஒரு ஊரே குடியிருக்குது" என்பாள். கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குகிற சத்தம். அந்த முடியை நாளைக்கு மழிப்பார்கள். மழிப்பார்களா. நான் சொன்னால் மழிப்பார்கள்.

"இன்னா வேலு, கையை விரிச்சி விரிச்சி பாத்துக்கினு கீற, ஜோசியமா?" முனிரத்னம் எழுந்துவிட்டான், மேல் பலகையிலிருந்து காலைத் தொங்கப்போட்டான். அவனும் எங்கள் லைன், பக்கத்துக் கட்டடத்தில் ராத்திரி எலக்ட்ரீஷியன். "ஒன்னுமில்லடா." "ஒன்னுமில்லன்னா ஏன் மொகம் இப்பிடிக் கெடக்குது? இன்னிக்குத்தானே கேக்கறாரு பந்தே?" "ஆமா." "சொல்லிட வேண்டியதுதான?" கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் இறங்கி எதிரில் உட்கார்ந்து பீடியை எடுத்து, பற்றவைக்காமல் முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்தான். "இங்க பாரு, எம்புள்ள காலையில கண்ண தொறந்தா பாட்டில், கண்ண மூடனா பாட்டில். ஒம்புள்ள பிக்கு ஆவறேங்கறான். மாத்திக்கலாமா? இன்னிக்கே மாத்திக்கலாம், மேல நான் ஒரு செல்போனும் தரேன்." சிரித்தான். நானும் சிரித்தேன், சிரிப்பு எங்கோ மாட்டிக்கொண்டு பாதிதான் வந்தது, ஏனென்றால் அவன் கேட்டதும் ஒரு விநாடி, ஒரே விநாடி, சரி என்று தோன்றியது எனக்கு. குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடக்கிற மகன். எங்கேயும் போகமாட்டான், தூக்கி உள்ளே போடலாம், காலைப்பிடித்து இழுக்கலாம், திட்டலாம், சாப்பிடுடா என்று அடிக்கலாம். அப்படி ஒரு மகன் என்றால் வீட்டில் இருப்பானே. இதை நினைத்தவன் எப்படிப்பட்ட தகப்பன். முனிரத்னம் என் முகத்தையே பார்த்தான். "தப்பா சொல்லிட்டனா?" "இல்லடா." "அந்த மூணு மடங்கு கத, அது நெசமா, இல்ல நீயே கட்டி வுட்டதா?" "நெசந்தான்." "நெசமா இருந்தா ஏன் திருடன் மாதிரி பாக்கற?" என்றான், அதற்குள் டேக்கல் வந்துவிட்டது, டீ வாங்க இறங்கிப்போனான், கதவருகே நின்றுகொண்டு யாரிடமோ கன்னடத்தில் வம்பு பேசினான்.

நிஜம்தான், ஆனால் பாதி நிஜம். பன்னிரண்டுக்கு ஏழு என்பது அதற்கு மேல் போகக்கூடாது என்று போட்ட எல்லை. குறைந்தால் குற்றமே இல்லை, மூன்றடியில் சுருண்டு படுத்தாலும் விதி கேட்காது. அதுவும் பிக்கு தானே கையேந்திக் கட்டிக்கொள்கிற குடிலுக்குத்தான் அந்த எல்லை, ஊரார் தானமாகக் கட்டிக்கொடுத்தால் அளவே கிடையாது. அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. நான் அடுத்த பக்கத்தைச் சொல்லவில்லை. பந்தேவுக்குத் தெரியும், தெரியாமல் இருக்குமா, அன்றைக்கு எல்லோரும் கலைந்தபிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை, முள் ஆடி நிற்கட்டும் என்று காத்திருக்கிறவனுடைய பொறுமை. சொல்லவில்லை அவரும். அதற்குப் பிறகு நான் மேலும் மேலும் எடுத்துக்கொடுத்தேன். இடம் காட்டி நாலு பிக்குகள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். குடிலைச் சுற்றி மாடு பூட்டிய வண்டி ஒன்று திரும்பி வரும்படி இடம் விட வேண்டும் என்றேன். "மாடு எங்கண்ணே கீது இந்த ஊர்ல, ஆட்டோ சுத்தனா ஒத்துக்குவாரா?" என்று கேட்டான் தாமு. எறும்புப் புற்று இருக்கக்கூடாது என்றேன். தாமு குனிந்து தேடினான், பாவம், நிஜமாகவே தேடினான். சேனன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சரி நைனா என்று போய் முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டான். அவன் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஏன் நைனா இப்படிப் பண்ணுகிறாய் என்று ஒரு தடவை சட்டையைப் பிடித்திருந்தால் நான் அன்றைக்கே விட்டிருப்பேன்.

பங்காருப்பேட்டையில் வண்டி வெகுநேரம் நின்றுவிட்டுக் கிளைப்பாதையில் திரும்பியது. இனி சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், மூடிப்போன சுரங்க ஷாஃப்டுகள், தலையில் சக்கரம் இல்லாத இரும்புக் கோபுரங்கள். புத்தரின் தகப்பனாருக்கே இந்தப் பாடுதான். முதலில் மகன் போனான், கேட்கவில்லை. அப்புறம் பேரன் போனான், அப்போதும் யாரும் கேட்கவில்லை. கிழவர் வந்து அழுதார், இனி யாருக்கும் இப்படிச் செய்யாதே என்றார், அதற்குப்பிறகுதான் பெற்றவர்களைக் கேள் என்று விதி வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அழுத அழுகை இன்றைக்கு என் வாயில் ஒரு பூட்டாக வந்து நிற்கிறது. ஆனால் அவர் பாசத்தில் அழுதார். நான்? சொல்லிவிடலாம், மனசுக்குள் சொல்வது யாருக்குக் கேட்கப்போகிறது. பகலில் நான் தூங்க வேண்டும். ஜன்னலில் போர்வையை மாட்டி இருட்டாக்கிப் படுத்தால், சேனன் அந்தப்பக்கம் இருக்கிறான், பக்கெட் நிரம்புகிற சத்தம் கேட்கக்கூடாது என்று குழாயை மெலிசாகத் திறக்கிறான், பாத்திரத்தைத் துணியில் வைக்கிறான், கதவைத் தூக்கிப்பிடித்துச் சாத்துகிறான், சத்தம் போடாமல் இருக்கிற ஒருத்தனுடைய சத்தம், அதன்மேல்தான் நான் தூங்குகிறேன். போன வருஷம் தியானத்துக்கென்று பத்து நாள் போயிருந்தான். வீடு அவ்வளவு அமைதி. கூரைத்தகரம் வெயிலில் விரிகிற ஒவ்வொரு சடசடப்பும் கேட்டது, அப்பாவின் மூச்சுச் சத்தம் கேட்டது, ரஞ்சிதம் தண்ணீர் கேட்டாள், ஒரு நிமிஷம் கண் மூடவில்லை, ராத்திரி வேலையில் கண்ணாடிக்கதவில் என் முகத்தைப் பார்த்து யாரோ ஆள் என்று எழுந்து சல்யூட் வைத்தேன். அதுதான் பயம். சைனைட் மேடும் இல்லை, விதியும் இல்லை. அவனை ஒரு தூக்கமருந்தாக வைத்திருக்கிறேன். அதற்குப் பாசம் என்று பெயர்வைத்து, அதற்குச் சுகதரின் சாணை மூன்று மடங்காக்கி. சீ. சொல்லிவிடுகிறேன். சாம்பியன் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது முடிவுசெய்தேன். சரி என்று சொல்லப்போகிறேன். சம்மதம், பந்தே. இரண்டு வார்த்தை. உதட்டுக்குள் சொல்லிப்பார்த்தேன், முனிரத்னம் திரும்பிப்பார்த்தான், "இன்னா?" என்றான், "ஒன்னுமில்ல" என்றேன், நெஞ்சு லேசாக இருந்தது, ரொம்ப நாளைக்கப்புறம் பசித்தது.

மாரிக்குப்பத்தில் இறங்கி முனிரத்னத்தை அவன் வீட்டுப்பக்கம் அனுப்பிவிட்டு லைனைத் தாண்டி நடந்தேன், வார்த்தை வாயிலேயே இருந்தது, யாரிடமும் பேசவில்லை, பேசினால் உளறிக் கொட்டிவிடுவேன் என்று. ஷெட்டின் பின்பக்கம் பேச்சுக்குரல். மூலையைத் திரும்பினேன். தாமு என் அளவையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நாலு முளை அடித்து நூல் கட்டியிருந்தான், நம் சாணில், சின்னதாக. "வா வேலண்ணே, வா. ஒன் மூணு மடங்கு எங்க கைக்கு ஆவாது. சாதாரண சாண்லயே போட்டுட்டேன், பந்தே சரின்னுட்டாரு. ஒத்தாளுக்குத் தாராளமா கீது, நீயே பாரு, சேனா, காட்டு நைனாவுக்கு." அப்போதுதான் பார்த்தேன். நூலுக்குள் என் மகன் படுத்திருந்தான். மண்ணில் மல்லாந்து, கையிரண்டும் பக்கத்தில் ஒட்டி, காலை நேராக நீட்டி, நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. தலைமாட்டில் ஒரு முளை, கால்மாட்டில் ஒரு முளை, சட்டையில் அந்தச் சாம்பல்நிற மண். கண்ணை மூடியிருந்தான், வெயிலுக்காக. உதட்டில் சிரிப்பு இருந்தது. "பாத்தியா, இன்னும் நாலு சாண் மிச்சம்," என்றான் தாமு, குனிந்து அவன் பாதத்துக்கும் நூலுக்கும் நடுவில் கையை விரித்துக் காட்டினான். இந்த வேலையை நான் செய்திருக்கிறேன். அப்பாவுக்குக் குழி வெட்டும்போது, ரஞ்சிதத்துக்கு வெட்டும்போது, போதுமா என்று கேட்பார்கள், யாராவது ஒருத்தர் கையை விரித்து வைத்துப்பார்ப்பார்கள், போதும் என்பார்கள்.

பந்தே ஷெட்டு நிழலிலிருந்து வெளியே வந்தார். "அளவை விடுங்க ஜோதிவேலு," என்றார் மெதுவாக. "அது இல்லேன்னாலும் குத்தமில்ல. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஒன்னுதான் கேக்கணும். ஒங்க மகன் போறதுக்கு ஒங்களுக்குச் சம்மதமா?" சேனன் கண்ணைத் திறந்து, எழாமல், படுத்தபடியே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். "இல்ல பந்தே," என்றேன். யாரோ சொன்னமாதிரி இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கணுமா?" "இல்ல. சம்மதம் இல்ல. எப்பவும் இல்ல." தாமு விரித்த கையை மடக்கவில்லை. "இன்னாண்ணே நீ," என்று ஆரம்பித்தான், பந்தே அவன் தோளைத் தொட்டார், நிறுத்திக்கொண்டான். "பெத்தவர் சொல்லிட்டார்," என்றார் பந்தே, அதில் கோபமும் இல்லை, வருத்தம் இருந்ததா என்று என்னால் பார்க்க முடியவில்லை. சேனன் கத்துவான் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று காத்திருந்தேன், கல்லை எடுத்து எறியட்டும், நீயும் ஒரு அப்பனா என்று கேட்கட்டும். சேனன் எழுந்தான். முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டான். நாலு முளையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நூலை முழங்கையில் சுற்றி, தாமுவிடம் கொடுத்தான். பந்தேவின் காலில் விழுந்து எழுந்தான். என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டான். "வா நைனா, வெயில் ஏறுது," என்றான்.

முன்னால் நடந்தான். பிக்குகள் தெருவில் நடக்கும்போது ஒரு நுகத்தடி நீளத்துக்கு முன்னால் தரையைப் பார்த்து நடக்க வேண்டும், அதற்கு அப்பால் பார்வை போகக்கூடாது, நாலு முழம் என்று அதற்கும் ஒரு அளவு இருக்கிறது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை, அவனிடமும் சொன்னதில்லை. அவன் தலை அந்தளவுக்குத்தான் குனிந்திருந்தது. கால் ஒரே சீராகப் போயிற்று. நான் பேச வாயெடுத்தேன், முதுகைப் பார்த்து என்ன பேசுவது. நடையை எட்டிப்போட்டேன், அவன் வேகத்தைக் கூட்டவில்லை, இருந்தும் பக்கத்தில் போய்ச் சேர முடியவில்லை என்னால். குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டிருந்த அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "இன்னா சேனா, எப்ப கெளம்பற?" என்றாள்.

"கெளம்பலக்கா," என்றான், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுக்குத்தான் போறேன்."